செடியில் ஒட்டினால் பாடும் பெட்டி: வாங்கலாமா?

இலையில் இரண்டு பட்டை ஒட்டி, வயரைச் செருகி, போனிலோ லேப்டொப்பிலோ இணைத்தால் செடி பாடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். வாங்கலாம். ஆனால் செடியின் பாட்டைக் கேட்கப்போகிறோம் என்று நினைத்து வாங்காதீர்கள். என்னிடம் இருப்பது பெயர் எதுவும் இல்லாத கிட். 2014இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் ஆட்களிடம் காசு திரட்டிச் செய்த மிடி ஸ்பிரௌட் என்ற கருவியின் வழியைப் பின்பற்றி யாரோ செய்து விற்கிறார்கள். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் ஒரு பின்னேரத்தில் பூட்டி முடித்துவிடலாம்.

உள்ளே இருப்பது 555 டைமர், விட்டு விட்டு மின்துடிப்புப் போடுகிற, 1972இல் வந்த சிப், ரேடியோ திருத்துகிறவர்களுக்குப் பழகிய சாமான். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இலைக்குள்ளால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது, இலையின் ஈரமும் அதிலுள்ள உப்புகளும் மாற மாற மின்தடையும் மாறும், அதற்கேற்ப சிப்பின் துடிப்பு நீளும் அல்லது குறுகும். அந்த மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு ஸ்வரம் விழும். தாண்டாவிட்டால் சத்தமே இல்லை. ஆக, எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத்தான் செடி சொல்கிறது. பியானோவா புல்லாங்குழலா, எந்த ஸ்வரங்களுக்குள் ஓட வேண்டும் என்பதெல்லாம் மென்பொருள் எழுதியவரின் முடிவு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெட்டி வரும்போதே ஐந்து ஸ்வரக் கட்டில் பூட்டி வருகிறது. ச ரி க ப த, நம்முடைய மோகனம். மோகனத்தில் எந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் காதுக்கு உறுத்தாது, அந்த வீடியோக்கள் எல்லாம் அவ்வளவு இனிமையாக இருப்பதன் காரணமும் அதுதான். சந்தேகத்தில் செவ்வரத்தை இலையிலிருந்து பட்டைகளைக் கழற்றி, நிலம் துடைக்கிற ஈரத்துணியில் ஒட்டினேன். துணியும் பாடியது! கொஞ்சம் சோம்பலாக, ஆனால் அதே மோகனத்தில். பக்கத்து வீட்டில் நாதஸ்வரம் வாசிக்கிற ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "தம்பி, சுருதி சரி, தாளம் எங்கே?" என்று கேட்டார். இந்தப் பெட்டிக்கு அதைவிட நல்ல விமர்சனம் நான் எழுத முடியாது.

அப்புறம் மோகனத்தை எடுத்துவிட்டு, பன்னிரண்டு ஸ்வரமும் திறந்து, அலங்காரமில்லாத வெறும் ஒலியில் விட்டேன். இனிமை போய்விட்டது, விஷயம் வந்தது. கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் பட்டையின் ஜெல் காய்ந்து நீளமாக மௌனம் விழும், அதைச் செடி தூங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டொப்பை சார்ஜரில் போட்டபடி இணைத்தால் கரண்டின் இரைச்சல் புகுந்து இல்லாத ஸ்வரமெல்லாம் கொட்டும், பற்றரியில் மட்டும் ஓட்டுங்கள். பெட்டி தன் விலையை நியாயப்படுத்தியது தொட்டாச்சுருங்கியில்தான். சிற்றிலைகளில் பட்டை நிற்காது, தண்டில் ஜெல் தடவி மெல்லிய கம்பியைச் சுற்ற வேண்டும். நுனி இலையைத் தட்டினால் சிற்றிலைகள் சோடி சோடியாக மடிந்துகொண்டு வர, கொஞ்சம் பிந்தி ஸ்வரங்கள் குபுக்கென்று கொட்டுகின்றன, பிறகு அடங்குகின்றன. செடி அசையும்போது கம்பியும் அசைகிறது, அந்தக் கலப்படமும் இதில் உண்டு. ஆனால் அந்தச் செடியில் மின்துடிப்பு ஓடுவது கற்பனை இல்லை, நூறு வருடங்களுக்கு முன்பே விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் அதை அளந்திருக்கிறார்.

செலவே இல்லாமல் இதைவிட நேர்மையான வேலை ஒன்று செய்யலாம். முக்கோண முக்கோணமாகக் கோலம் விழுந்த கூம்புச் சிப்பி பார்த்திருப்பீர்கள். அந்த உயிர் வளர வளர ஓட்டின் விளிம்பில் வரி வரியாக நிறத்தைப் போட்டுக்கொண்டே போகிறது, அதனால் ஓட்டின் மேல் இருப்பது படம் மட்டும் இல்லை, நேரத்தின் பதிவு. வுல்ஃப்ராம் என்ற விஞ்ஞானி 1983இல் எழுதிய விதி 30, அதாவது மேல் வரியைப் பார்த்து அடுத்த வரியின் கட்டங்களைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரப்பும் எளிய விதியும், கணினித் திரையில் கிட்டத்தட்ட இதே முக்கோணங்களைப் போடுகிறது. வீட்டில் கிடந்த பழைய சிப்பியைப் படம் பிடித்து, பியூர் டேட்டா என்ற இலவச மென்பொருளில் ஒரு வரிக்கு ஒரு நொடியாக, கறுப்புப் புள்ளி வரும் இடத்தில் மட்டும் ஒலிக்க விட்டேன். முக்கோணம் தொடங்கும்போது ஒலிகள் அடர்ந்து, நடுவில் வெறுமையாகி, திரும்ப அடர்கின்றன, எந்த இடத்தில் எந்தக் கோலம் ஒலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டலாம். பெட்டியில் அது முடியாது. சிப்பி தேடித் திருகோணமலைப் பக்கத்துப் புறாமலைத் தீவுக்குப் போகாதீர்கள், அது தேசியப் பூங்கா, எதையும் எடுக்கக் கூடாது. உயிருள்ள கூம்புச் சிப்பியை எங்கே கண்டாலும் கை வைக்கக் கூடாது, அதன் கொட்டு ஆளையே கொல்லலாம்.

சரி, பெட்டிக்குத் திரும்பினால், தொடர்ந்து செலவு வைப்பது பட்டைகள்தான். கிட்டோடு வருபவை சீக்கிரமே ஒட்டாமல் போகும். மருந்துக்கடையில் ஈசிஜி பட்டை கேட்டு வாங்கி ஓரத்தைக் கத்தரித்தால் செவ்வரத்தை இலைக்கு அளவாக இருக்கும், துளசிக்கு அதுவும் பெரிது. பற்றரி மூடி வந்த நாளிலிருந்தே சரியாகப் பொருந்தவில்லை, விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை, ரப்பர் வளையம் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.