மாலைக்கு அடியில் ஒரு போ டை: எட்டு வருஷ அனுபவம்

கோட் சூட்டோடு கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி கட்டுகிற போ டை, சுருக்கமாகப் போ, என்னிடம் இப்போது நான்கு இருக்கின்றன. அதில் மூன்று தண்டம். நான்காவதை 2017 கடைசியில் வாங்கினேன். இதுவரை பதினாறு கல்யாணம் பார்த்துவிட்டது, இன்னும் கழுத்தில் நிற்கிறது. ஆகஸ்டில் கல்யாணம் வைத்திருக்கும் மச்சினன், "அத்தான், எதை வாங்கட்டும்?" என்று தினமும் ராத்திரி படம் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கல்யாணத்தைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் வரிசையாக வரும். அந்த வெயிலில் கோட் சூட்டு, கழுத்தில் போ, தாலி கட்டி முடித்ததும் அதற்கு மேல் ரோஜா மாலை. போ டை பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியதையெல்லாம் பிறகு தேடித் தேடிப் படித்தேன். முகம், காலர், துணி எல்லாம் வரும்; மாலை வராது. எனக்கோ பாதித் தொல்லை மாலையால்தான்.

முதல் போ 2013-இல் வாங்கியது. அண்ணன் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழன். விலை 120 ரூபாய், சிவப்பு சாட்டின், பின்னால் கிளிப். கழுத்தைச் சுற்றிப் பட்டி எதுவும் கிடையாது, காலரின் இரண்டு முனையையும் அந்த கிளிப் கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆராதனை பாதி ஓடும்போது புழுக்கம் தாங்காமல் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். காலர் விரிந்ததும் போ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாலித் தட்டை நீட்டக் குனிந்தபோது கழன்று தட்டிலேயே விழுந்தது. ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். வீடியோவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது போட்டுப் பார்க்கிறார்கள். கிளிப் போ ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சரி. அவர்கள் இழுத்தால் கழன்று வருவது நல்லதுதான்.

இரண்டாவது, 2016 மே மாதம் என் சொந்தக் கல்யாணத்துக்கு. இந்த முறை உஷாராக, கழுத்தைச் சுற்றிப் பட்டியும் கொக்கியும் உள்ள ரெடிமேட் போ வாங்கினேன். அது விழவில்லை. மற்ற எல்லாமே தப்பாக நடந்தது.

பெண்ணின் புடவை மெரூன். அதே மெரூனில் போ வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள். கடையின் டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. கோயில் வாசல் வெயிலில் வந்து நின்றதும் புடவை மெரூனாகவே இருந்தது, என் கழுத்தில் கத்தரிக்காய் நிறம். பட்டு ஒளியை வாங்கும் விதம் வேறு, பாலியெஸ்டர் வாங்கும் விதம் வேறு. ஒரே வண்ணமாக இருக்க வேண்டும் என்று கிளம்பினால், மயிரிழை வித்தியாசம்கூடத் தப்பாகத் தெரியும். புடவையில் கரையிலோ முந்தியிலோ ஓரமாக வரும் ஒரு நிறத்தை எடுத்திருக்கலாம். கறுப்பையே போட்டிருந்தால் இன்னும் நிம்மதி.

அடுத்தது அளவு. எனக்கு ஒடுங்கிய முகம், அப்போது எடை 59 கிலோ. நான் வாங்கிய போவின் அகலம் 13 சென்டிமீட்டர். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்: போவின் இரண்டு முனையும் கண்களின் வெளி ஓரத்துக்கு நேராகவோ, அதிலிருந்து சற்றுத் தள்ளியோ நிற்கலாம், கன்னத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பந்தியில் என்னைப் பார்த்த தாய்மாமா, "ஏலே, அப்படியே ரெண்டு காபி கொண்டா" என்றார். பெரிய ஓட்டல்களில் சர்வர்கள் போ கட்டியிருப்பார்கள் அல்லவா, அதைச் சொல்கிறார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி படுக்கும்போது அதுதான் மண்டைக்குள் ஓடியது.

அன்றைய மூன்றாவது தொல்லை, மாலை. பூக்கடைக்காரர் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தே கொடுப்பார். ஈரமான, கனமான மாலை நேரே போவின் மேல் உட்காரும். ரெடிமேட் போவில் முடிச்சு என்பது வெறும் தோற்றம். உள்ளே விறைப்பான துணி வைத்து மடித்து, நடுவில் ஒரு பட்டையைச் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை நசுங்கினால் பிரித்துக் கட்ட வழியில்லை. மாலையைக் கழற்றியபோது ஒரு பக்க இறக்கை மேலே பார்த்தது, மறுபக்கம் தரையைப் பார்த்தது. சாயம் வேறு இறங்கி வெள்ளைக் காலரில் ரோஸ் நிறக் கோடு போட்டுவிட்டது. சாயங்கால வரவேற்புப் படங்கள் முழுக்க அந்தக் கோட்டோடுதான் நிற்கிறேன்.

இவ்வளவு பட்ட பிறகுதான் இந்தக் கழுத்துத் துணியின் கதையைப் படித்தேன். பதினேழாம் நூற்றாண்டில் குரோஷியப் படைவீரர்கள் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கழுத்துத் துணிக்கு வந்த கிராவட் என்ற பெயரே குரோஷியர் என்ற பெயரிலிருந்து வந்தது. நாமோ அதை மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் கட்டுகிறோம். இன்னொரு வேடிக்கை: நம் மாப்பிள்ளைகள் காலை பத்து மணிக்குப் போவோடு போடும் டக்சீடோ என்ற கோட் சூட்டு, வெள்ளைக்காரர்கள் வழக்கப்படி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போடும் உடை. இங்கிலாந்தில் பகல் கல்யாணத்தில் முறையாக உடுத்துகிறவர்கள் மார்னிங் கோட் போடுவார்கள், அதற்கு நீள டை. சரி, அதற்காக நாம் கல்யாணத்தைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் விதிகளில் இரண்டு நமக்கும் உதவும். வெள்ளை போ, வால் வைத்த கோட்டுக்கும் வெள்ளை வெயிஸ்ட்கோட்டுக்கும் உரியது. அதுகூடச் சொரசொரப்பான பிக்கே பருத்தியில்தான் இருக்கும். சாதாரண கறுப்பு கோட்டோடு அதைப் போட்டால் ஒட்டாது. இன்னொன்று, கோட்டின் மடிப்புக் காலரில் எந்தத் துணி தைத்திருக்கிறதோ அதே துணியில் போ இருந்தால் தனியாக எடுத்துக் காட்டாது. மின்னும் சாட்டின் என்றால் சாட்டின். மெல்லிய குறுக்கு வரி ஓடும் மங்கலான பட்டு என்றால் அதே பட்டு, அதற்கு குரோகிரெய்ன் என்று பெயர்.

மூன்றாவது போவைப் பற்றி ஒரே பத்தி போதும். என் மனைவியின் பட்டுப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியில் மீந்த துண்டைக் கொடுத்து டெய்லரிடம் தைத்தோம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜரிகை மடங்கவில்லை. முடிச்சு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது, கழுத்துப் பட்டி அரைமணி நேரத்தில் தோலைச் சிவக்க வைத்தது. இப்போது அது மகளின் பொம்மைக் கரடியின் கழுத்தில் இருக்கிறது.

நான்காவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். கறுப்பு குரோகிரெய்ன் பட்டு, நாமே கட்டிக்கொள்ளும் வகை. 1,900 ரூபாய். விலையைக் கேட்டதும் மனைவி, "இந்தக் காசுக்கு ஒரு சட்டை எடுக்கலாமே" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது நியாயம்தான். விரித்து வைத்தால் இரண்டு முனையும் மீன் மாதிரி அகன்று குறுகும். கட்டினால் அகலம் 11 சென்டிமீட்டர் சொச்சம், உயரம் 6. கடைகளில் இதை செமி பட்டர்ஃபிளை என்பார்கள். இதைவிடப் பெரியது பட்டர்ஃபிளை, அகன்ற முகமும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு. ஒரே அகலமாகக் கோடு போட்ட மாதிரி நிற்கும் ஒல்லியானது பேட்விங். எது என்று தெரியாதவர்கள் நடுவில் உள்ளதை எடுத்தால் பெரிய தப்பு வராது. அடர்ந்த தாடி வைத்திருப்பவர்கள், போவின் மேல் பாதி எப்படியும் தாடிக்குள் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆனது. கண்ணாடி முன்னால் நின்றால் இடம் வலம் குழம்பிவிடும். அதனால் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையைச் சுற்றிக் கட்டிப் பழகினேன். ஒரு முனை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் கீழே தொங்க வேண்டும். நீளமானதைக் குறுக்கே போட்டு அடியில் விட்டு மேலே இழுத்தால், அது ஷூ லேஸின் முதல் முடிச்சு. குட்டை முனையை மடித்துப் போ வடிவத்தில் பிடித்துக்கொண்டு, நீள முனையை அதன் நடுவில் முன்பக்கமாகத் தொங்கவிட வேண்டும். இதுவரை எல்லாருக்கும் வரும். தொங்குவதையும் மடித்து, அந்த மடிப்பை முன்புறப் போவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைக்க வேண்டும் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏழு நாள் போனது. சந்து கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இறுக்கும்போது தொங்கும் முனைகளை இழுத்தால் அவிழ்ந்துவிடும், மடித்த பக்கங்களைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம் ஒன்று, கச்சிதமாக வரவே வராது. ஒரு பக்கம் துளி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு வந்த பிறகு என் மாமா காபி கேட்கவில்லை.

பட்டியின் உள்பக்கம் அங்குலக் கணக்கில் எண்கள் போட்டிருக்கும், கொக்கியை நகர்த்தி மாட்டலாம். எனக்கு இப்போது 15½, இதை வாங்கியபோது இருந்தது 14½. எட்டு வருஷத்தில் கழுத்து வளர்ந்த கணக்கு அந்தப் பட்டியில்தான் இருக்கிறது. சட்டைக் காலர் எண்ணோடு அதை ஒப்பிட்டு மாட்டினால் போதும். காலரின் முனையைப் பொத்தானால் பிடித்திருக்கும் சட்டை வேண்டாம். நிமிர்ந்து நின்று முன்முனைகள் மட்டும் சின்ன இறக்கை மாதிரி மடங்கியிருக்கும் விங் காலர் போட்டால், அந்த இறக்கைகள் போவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதில் கழுத்துப் பட்டியும் சுற்றிலும் வெளியே தெரியும், கொக்கி உட்பட. சாதாரண மடிப்புக் காலரே எனக்கு வசதி.

பதினாறு கல்யாணத்தில் பெரும்பாலும் நான் விருந்தாளி. ஆனால் இரண்டு முறை மாப்பிள்ளைக்கே இதைக் கழற்றிக் கட்டிவிட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் மாலை நசுக்கியது. கழற்றி, உதறி, மறுபடி கட்டினால் மூன்று நிமிஷம், புதிதாகக் கட்டியது போல நின்றது. கேமரா வெளிச்சத்திலும் குரோகிரெய்ன் மின்னுவதில்லை. பாலியெஸ்டர் சாட்டின் போட்ட படங்களில் கழுத்தில் டார்ச் அடித்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும்.

குறைகளும் உண்டு. பட்டு வியர்வையைக் குடிக்கும். வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்துக் கொடியில் காயப்போடாவிட்டால் வாடை நிற்கும். ஒரு தடவை பிரியாணி நெய் தெறித்தது. தண்ணீர் தொடாமல் முகப் பவுடரைக் கொட்டி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தட்டியதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு டிரை கிளீனிங் கொடுத்தது தப்பு. அவர்கள் நேரடியாக அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தியதில் ஓர் ஓரம் பளபளப்பாகிவிட்டது, அந்தப் பக்கத்தை உள்ளே வருகிற மாதிரி கட்டி மறைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் சுருக்கத்துக்குக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் தூரமாகக் காட்டி எடுப்பதோடு சரி. அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள், மூக்குக்கு நேர் கீழே கட்டும் பொருள் இது.

மச்சினனுக்குச் சொன்னது இதுதான். கோட்டும் சட்டையும் தைத்து வரட்டும், அதைப் போட்டுக்கொண்டு போய்ப் போவை எடு. படத்தைப் பார்த்து வாங்காதே. கட்டப் பொறுமை இல்லையென்றால், கட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார், அதுவும் இல்லையென்றால் பட்டி வைத்த ரெடிமேட் இரண்டு வாங்கி, ஒன்றைத் தோழன் சட்டைப் பையில் போட்டு வை. பெண் வீட்டில் மயில் கழுத்து நீலம் கேட்கிறார்களாம். "நீ கறுப்பு போடு, நீலத்தில் கோட்டுப் பையில் ஒரு கைக்குட்டை வை" என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஒத்துக்கொண்டான், அவன் மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, தொடையில் என் போவைக் கட்டிப் பழகினான். அந்தச் சந்து கிடைக்காமல் விரலைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன், முடிச்சு விழும் இடத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருக்கிறது. டெய்லர் உள்பக்கமாக ஒரு தையல் போட்டுத் தந்திருக்கிறார். பதினேழாவது கல்யாணத்துக்குத் தாங்கும் என்கிறார்.