68,500 ரூபாவுக்குப் பூசிவிட்ட பசை: சன்ரூஃப் உள்ள கார் வைத்திருக்கும் திருகோணமலைக்காரர்களுக்கு

கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால், "போகட்டும், நம் ஊர்ப் பிள்ளைதானே" என்று நானே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். 68,500 ரூபா. ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கையிலிருந்து, இரண்டு தவணையாக, சிரித்த முகத்தோடு வாங்கப்பட்டது. கடையின் பெயரை எழுதமாட்டேன். வாகனங்களுக்குக் கண்ணாடி மாற்றுவது, இருக்கைக்கு உறை தைப்பது, உள்ளே அலங்காரம் செய்வது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கடை. முகநூலில் நாளுக்கு ஒரு படம் போடுவார்கள். பளபளவென்று இருக்கும்.

எங்களுடையது ஜப்பானில் ஓடி முடித்து இங்கு வந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பாவித்த காருக்கே யானை விலை, குதிரை விலை. அந்த நேரத்தில் கிடைத்ததை வாங்கினோம். கூரையில் திறந்து மூடும் கண்ணாடி இருந்தது, அதுதான் சன்ரூஃப். நிலாவெளிப் பக்கம் போகும்போது மகள் அதைத் திறந்துவிட்டு வானம் பார்ப்பாள். எனக்கு அது அன்றும் தேவையில்லாத ஆடம்பரமாகத்தான் பட்டது. இன்று சொல்லவே வேண்டாம்.

வீடு உவர்மலையில். சரிவான ஒழுங்கை. காரின் மூக்குப் பள்ளத்தைப் பார்த்தபடி, வேப்பமரத்தின் கீழ் நிற்கும். இந்த இரண்டு விஷயங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாரி தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு விடியற்காலை. இரவு முழுவதும் ஊற்றியிருந்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி, முன் இருக்கையில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். அநுராதபுரச் சந்திக்கு முன்னால் பிரேக் போட்டதும், கூரை விளக்கின் ஓரத்திலிருந்து தண்ணீர் சரசரவென்று விடைத்தாள் கட்டின் மேல் விழுந்தது. சிவப்பு மையில் போட்டிருந்த புள்ளிகள் கரைந்து இளஞ்சிவப்பாக ஓடின. மேலே இருந்த பிள்ளைக்கு 74 போட்டிருந்தேன். 7 போய்விட்டது, 4 மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்தேன்.

அன்று பின்னேரமே அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி இளம் பையன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "டீச்சர், என்னைத் தெரியவில்லையா? உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தங்கச்சி உங்கள் வகுப்பில்தான் இருந்தாள்." கதிரையைத் துடைத்துப் போட்டான். தேத்தண்ணீர் வந்தது. கணவர் கட்டாரில் இருக்கிறார், வாகன வேலைகளுக்கெல்லாம் தனியாக அலைகிறவள் நான். இப்படி ஒருவன் எழுந்து நின்றதும் மனது இளகிவிட்டது. நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் கணக்கு.

கூரைக் கண்ணாடியைத் திறந்து, சுற்றியிருக்கும் ரப்பரை நகத்தால் அழுத்திக் காட்டினான். "பாருங்கள் டீச்சர், செத்துப்போய்விட்டது. இதை மாற்றாமல் என்ன செய்தாலும் ஒழுகும். ஜப்பான் சாமான், கொழும்பில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது." ரப்பர் 52,000, கூலி 16,500. ஒரு குவளை தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை. எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கம் நனைகிறது, வண்டி எப்படி நிற்கும் என்று ஒரு கேள்வி இல்லை. நானும் கேட்கவில்லை. 40,000 ரூபாவை அங்கேயே நின்று அவனுடைய கணக்குக்கு அனுப்பினேன். பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. நம் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையிடம் போய்ச் சீட்டுக் கேட்பதா என்று.

எட்டு நாள் கழித்துக் கார் வந்தது. கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பாக, புதிதாக, ஒரு கோடு மினுங்கியது. மீதி 28,500 ரூபாவைக் கையில் கொடுத்தேன். "ஒரு மாதத்துக்குத் திறக்க வேண்டாம் டீச்சர், ரப்பர் படிய வேண்டும்" என்றான். எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு விளக்கிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. சந்தோஷப்பட்டு முடிவதற்குள் மகள், "அம்மா, காலுக்குக் கீழே சளக் சளக் என்கிறது" என்றாள். முன் இடப்பக்கம், கால் வைக்கும் இடத்தில், விரிப்பை அழுத்தினால் கைவிரல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். முன்பு சொட்டியது, இப்போது குளம் கட்டியிருக்கிறது.

தொலைபேசி எடுத்தேன். முதல் நாள், "அது பழைய தண்ணீர் டீச்சர், உள்ளே நின்றது இப்போது இறங்குகிறது." சரி என்று பொறுத்தேன். இரண்டாவது முறை, "சரிவில் நிறுத்துகிறீர்களே, அதுதான்." சரிவில் நிறுத்தினால் ஒழுகும் என்றால் 68,500 ரூபா எதற்கு? மூன்றாவது முறை, "அது ஏசித் தண்ணீர்." இதை மட்டும் சோதித்துப் பார்த்தேன், ஏனென்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அந்த இடம் நனையும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மழை விட்டிருந்த இரண்டு நாட்கள் விரிப்பைத் தூக்கித் துடைத்துவிட்டு, ஏசியைப் போட்டபடி சீனன்குடா வரை போய் வந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. மூன்றாம் நாள் மழை பெய்தது, குளம் திரும்பி வந்தது. இதைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று தெரிந்தது. பதில் இல்லை.

நேரில் போனேன். முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவனுடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. வேலை செய்யும் சின்னப் பையன் ஒருவன் பரிதாபப்பட்டு, "காற்றும் அடித்துத்தான் விட்டோம் டீச்சர், எல்லாம் கிளீன்" என்றான். அந்தச் சொல்லின் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் மறுபடி போனேன். இந்த முறை இருந்தான். எழுந்து நிற்கவில்லை. பழைய ரப்பரைக் காட்டு என்றேன். குப்பையில் போட்டாயிற்றாம். பில் கேட்டேன். கொப்பித் தாளில் "சன்ரூஃப் வேலை 68,500" என்று ஒரே வரி, கையெழுத்தும் இல்லை. "மழை என்றால் கொஞ்சம் வரும்தானே டீச்சர். ஆட்கள் நிற்கிறார்கள், சத்தம் போடாதீர்கள்" என்றான். நான் சத்தமே போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

கண்ணைத் திறந்துவிட்டவர் எதிர்வீட்டு அண்ணர். படகு இயந்திரங்களோடு காலம் தள்ளிய மனிதர். காருக்கும் அவருக்கும் பெரிய தொடர்பு இல்லை. கண்ணாடியைச் சுற்றி விரலால் தடவினார். "தங்கச்சி, இது ரப்பர் இல்லை, சிலிக்கன் பசை" என்றார். பின் மூலையில் பசை சரியாகப் பிடிக்காமல் ஒரு விரல் நீளத்துக்கு இடைவெளி. ஒரு மாதம் திறக்காதே என்றதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது: திறக்கவே முடியாதபடி ஒட்டிவைத்திருந்தான்.

அண்ணர் தங்கூசியில், அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூலில், ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் தடியில் சுற்றி, வாள் இழுப்பதுபோல் இழுத்துப் பசையை அறுத்தார். முக்கால் மணி நேரம். கண்ணாடி திறந்தது. அடியில் இருந்தது பழைய ரப்பர்தான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன வருடம் படலைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தபோது காற்றில் தெறித்த பொட்டு ஒன்று அந்த ரப்பரில் விழுந்திருந்தது. அரிசி அளவு. அதே மூலையில், அதே பொட்டு. 52,000 ரூபா ஜப்பான் ரப்பருக்கு என் படலைப் பெயின்ட் எங்கிருந்து வந்தது?

இனி அண்ணர் சொன்னதைக் கேளுங்கள், இந்தப் பதிவில் உருப்படியானது இதுதான். அந்த ரப்பர் தண்ணீரை முற்றாகத் தடுப்பதற்காக வைத்தது அல்ல. மழைத் தண்ணீர் கொஞ்சம் அதைத் தாண்டி இறங்கத்தான் செய்யும். இறங்கும் தண்ணீரை ஏந்த உள்ளே சுற்றிவரப் பீலி போல் ஒரு வாய்க்கால் இருக்கிறது. எங்கள் காரில் அதன் நான்கு மூலையிலும் நான்கு மெல்லிய குழாய்கள். முன்னால் உள்ள இரண்டும் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களுக்குள்ளால் இறங்கி முன் சில்லுப் பக்கம் வெளியே விடும், பின்னால் உள்ள இரண்டும் பின்பக்கம் விடும். வீட்டுக் கூரைப் பீலியில் இலை அடைத்தால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும். வேப்பம்பூ, சருகு, தூசி, எல்லாம் சேர்ந்து களியாகிக் குழாயை அடைக்கும். வாய்க்கால் நிரம்பும். பள்ளத்தைப் பார்த்து நிற்கும் காரில் தண்ணீர் முன்னுக்கு ஓடிவந்து, கூரைத் துணிக்கு மேலால் வழிந்து, விளக்கு ஓட்டையில் சொட்டும். என் விடைத்தாளில் விழுந்தது அப்படித்தான்.

தேத்தண்ணீர்க் குவளையில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக ஊற்றினார். முன் வலது மூலையில் ஊற்றியது உடனே சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் விழுந்தது. முன் இடது மூலையில் ஊற்றியது காருக்குள் விழுந்தது! பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, கூரைத் துணியின் ஓரத்தைக் கவனமாக இறக்கினார். பல கார்களில் அந்தத் தூணிலும் கூரை ஓரத்திலும் விபத்தில் விரியும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும், கண்டபடி இழுக்கக்கூடாது. உள்ளே பார்த்தால் குழாய் வாய்க்காலின் முனையிலிருந்து கழன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"காற்று அடித்தார்களா?" என்று கேட்டார். அந்தப் பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. குழாய் அந்த முனையில் வெறுமனே செருகித்தான் இருக்கும். கீழே களி அடைத்திருக்க, கம்பிரெசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் அடைப்பு போகாது, குழாய்தான் கழலும். அப்படிக் கழற்றிவிட்டு, அதன் மேல் பசையைப் பூசி, என்னிடம் 68,500 ரூபா வாங்கியிருக்கிறான். சொட்டிய காரைக் குளமாக்கித் தந்ததற்குக் கூலி 16,500.

மீதிக் கதை சின்னது. அதே தங்கூசிச் சுருளின் முனையை நெருப்பில் காட்டி மழுங்கடித்து, குழாய்க்குள் மெல்ல விட்டு விட்டு இழுத்தார். கறுப்புக் களி வந்தது, வேப்பங்காம்பு வந்தது, ஒரு செத்த பூச்சி வந்தது. குழாயைத் திரும்பச் செருகிச் சின்னக் கிளிப் ஒன்று போட்டார். கிளிப் 250 ரூபா. மறுபடி குவளையில் ஊற்றினார், தண்ணீர் வெளியே போய் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கக்கேடு. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வீட்டில் பொரித்த பாரை மீன் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எச்சரிக்கை என்று பெரிதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓய்ந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ரப்பர் மாற்றச் சொல்பவனிடம் காரைக் கொடுக்காதீர்கள். காற்று அடிக்க விடாதீர்கள், பசை பூச விடாதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். முற்பணத்துக்கும் சீட்டு வேண்டும், பெற்ற பிள்ளையாக இருந்தாலும். மாரிக்கு முன் வாய்க்காலைத் துணியால் துடைத்துவிடுங்கள், மரத்தின் கீழ் நிறுத்துகிறவர்கள் கட்டாயம். நனைந்த விரிப்பை மேலால் காயவைத்துவிட்டு இருக்காதீர்கள், அடியில் இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வயர்களும் அதற்குக் கீழேதான் ஓடுகின்றன.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்தில் தர வேண்டும், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொப்பித் தாள் பில்லும், வங்கியில் அனுப்பிய 40,000 க்கான பதிவும், வெள்ளைப் பொட்டு விழுந்த ரப்பரின் படமும் இருக்கின்றன. கையில் கொடுத்த 28,500 க்குத்தான் சாட்சி இல்லை.

நேற்று இரவு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "டீச்சர், முகநூலில் ஒன்றும் போடாதீர்கள், வந்தால் பார்த்துச் செய்து தருகிறேன்" என்று. எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, அதையும் திருத்தித்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

கடல் பக்கம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. விரிப்பு இன்னும் கொடியில் கிடக்கிறது, எடுக்கப் போகிறேன்.