பழைய அம்பாசிடர் வச்சிருக்கவங்க ஸ்பார்க் பிளக் மாத்துறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

மதுரைல "பழைய வண்டி ஸ்பெஷலிஸ்ட்"னு போர்டு வச்சிருக்க ஒரு ஒர்க்‌ஷாப்ல எங்க வண்டிக்கு என்ன பண்ணாங்கன்னு எழுதுறேன். பேரு போடல. ஆனா இதே மாதிரி இன்னும் சில பேர் வண்டிலயும் நடந்திருக்குன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் சும்மா இருக்க மனசு வரல.

வண்டி அப்பாவோடது, 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்துல இருந்து வர்ற அதே பிஎம்சி பி சீரிஸ் இன்ஜின்தான். ஜெனரல் சர்வீஸுக்கு விட்டோம், ஆயில், பாயின்ட் செட் (ஸ்பார்க் வர்றதுக்கு காயில் கரண்ட கட் பண்ணி விடுற பாகம்), பிளக் மாத்துறதா பேச்சு. பில்லுல பாத்தா இம்போர்ட்டட் இரிடியம் பிளக் (நடு முனைல இரிடியம் உலோகம் வச்சது) நாலு, ஒண்ணு 850 ரூபா. கேட்டதுக்கு "இது போட்டா பவர் ஏறும் சார், மைலேஜும் கூடும், நம்பர் பெருசு, அதனால ஹெவி பிளக்"னு சொன்னாங்க. பழைய பிளக்க குடுங்கன்னு அப்பா கேட்டாரு, தூக்கிப் போட்டாச்சுன்னுட்டாங்க.

வண்டி எடுத்துட்டு வந்ததுல இருந்தே ஐடிலிங் சரியில்ல, காலைல ஸ்டார்ட் ஆக அடம், மேட்டுல ஏறும்போது மிஸ்ஸிங். கொடைக்கானல் ரோட்டுல செகண்ட் கியர்ல மிதிச்சா வெட்டி வெட்டி இழுக்குது, இறக்கத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடுது. திரும்ப அங்கயே கொண்டு போனோம், கார்புரேட்டர் போச்சுன்னு சொல்லி கிட் மாத்தி ஓவராலிங்னு 6,500 வாங்குனாங்க, வண்டி அப்படியேதான் இருந்துச்சு.

கடைசியில எங்க ஏரியா பெரியவர் ஒருத்தர், முந்தி டாக்ஸி அம்பாசிடர்களுக்கு மெக்கானிக்கா இருந்தவரு, பிளக்க கழட்டிப் பாத்த உடனேயே சொல்லிட்டாரு, "தம்பி இது இந்த ஹெட்டுக்கான பிளக்கே இல்ல". ஹெட்டுனா சிலிண்டருக்கு மேல மூடியிருக்க பாகம், பிளக்க அதுலதான் திருகுவாங்க. அவர் பெட்டில இருந்த சரியான பிளக்க பக்கத்துல வச்சுக் காட்டுனாரு, மரை இருக்க பாகம் எங்க பிளக்ல அதுல மூணுல ரெண்டு பங்குதான் இருந்துச்சு.

இங்கதான் ஏமாத்துறாங்க. பி சீரிஸ் ஹெட்டுக்கு 14 மில்லி மரை, 19 மில்லி நீளம் வேணும். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் பிளக்குகளும் அதே 14 மில்லி மரைதான், ஆனா நீளம் 12.7 மில்லி. ரெண்டுக்கும் ஒரே பிளக் ஸ்பேனர் சேரும், ரெண்டுமே அழகா ஏறி உக்காரும், வெளிய இருந்து பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது. உள்ள என்ன ஆகும்னா ஸ்பார்க் சேம்பருக்குள்ள வராம மரை ஓட்டைக்குள்ளயே அடிக்கும், பெட்ரோல் ஒழுங்கா எரியாது, மூடாம கிடக்குற மரைல எல்லாம் கரி புடிக்கும். அப்புறம் சரியான பிளக்க போடப் போனா அந்தக் கரில மாட்டி மரையே போயிரும். பெரியவர் டாப்புல (மரைய சுத்தம் பண்ற கருவி) கிரீஸ் தடவி, தூள் உள்ள விழாம நாலு ஓட்டையையும் பொறுமையா சுத்தம் பண்ணித்தான் புது பிளக் போட்டாரு.

இதுக்கு நேர் எதிர் தப்பு இன்னும் மோசம். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு சேம்பியன் ஜே8 போடுவாங்க, அதோட நீளம் 9.5 மில்லிதான், அதுல போய் 19 மில்லி பிளக்க திருகுனா உள்ள வால்வுலயே இடிக்கலாம், இன்ஜின் காலி.

அந்த பிளக் இரிடியமும் கிடையாது. நிஜ இரிடியத்துல நடு முனை ஊசி மாதிரி மெல்லிசா ஒரு மில்லிக்கும் கீழ இருக்கும், இதுல சாதா பிளக் மாதிரி தடியா இருந்துச்சு. வாஷர் கையால இழுத்ததும் கழண்டு வந்துச்சு, கம்பெனி பிளக்ல வாஷர் அவ்வளவு லேசா வராது. பீங்கான்ல எழுத்து நகத்தால சுரண்டுனா போகுது. கேப்பும் (ஸ்பார்க் தாண்டுற ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்க இடைவெளி) செட் பண்ணாம 1.1 மில்லில அப்படியே மாட்டிருக்காங்க, பாயின்ட் செட்டும் பழைய காயிலும் (ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்கறது) இருக்க வண்டிக்கு 25 தவ்சண்ட், அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல 25 பங்கு, சுமார் 0.64 மில்லி போதும். லோடு ஏறும்போது சிலிண்டர்ல பிரஷர் கூடும், அப்ப அவ்வளவு அகலத்த தாண்டி அடிக்க அந்தக் காயிலுக்குத் தெம்பு இருக்காது, அதான் மேட்டுல மட்டும் வெட்டுச்சு. கார்புரேட்டருக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

"நம்பர் பெருசு"ன்னு சொன்னதும் சுத்தப் பொய். அந்த நம்பர் பவர் கணக்கு இல்ல, பிளக் சூட்ட எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு இறக்கி விடுதுங்கற கணக்கு. சூட்ட சீக்கிரம் இறக்கி விட்டா கோல்ட் பிளக், மெதுவா விட்டா ஹாட் பிளக். என்ஜிகே-ல நம்பர் ஏற ஏற கோல்ட் பிளக், போஷ்லயும் சேம்பியன்லயும் நம்பர் ஏற ஏற ஹாட் பிளக், அதனால ஒரு கம்பெனி நம்பர வச்சு இன்னொரு கம்பெனில வாங்கவே கூடாது. எங்க இன்ஜினுக்கு சரியா வர்றது என்ஜிகே பிபி6இஎஸ், இல்லன்னா போஷ் டபிள்யூ7டிசி, இல்லன்னா சேம்பியன் என்9ஒய்சி. என்ஜிகே-ல அந்த 'இ' எழுத்துதான் 19 மில்லி நீளம், 'எச்'னு இருந்தா 12.7. போஷ்ல 'டி' வேணும், 'பி' இருந்தா குட்டை. கடைல டப்பாவ மட்டும் பாக்காதீங்க, பிளக் மேலயே இருக்க எழுத்தப் பாருங்க. 1800 இசுசூ இன்ஜின் போட்ட அம்பாசிடர் வச்சிருக்கவங்க இந்த நம்பர்களை எடுத்துக்க வேண்டாம், அது வேற இன்ஜின், மேனுவல்ல இருக்கறதையே போடுங்க.

போடும்போது கையாலயே கடைசி வரைக்கும் திருகச் சொல்லுங்க, வாஷர் உக்காந்ததுக்கு அப்புறம் ஸ்பேனர்ல அரை சுத்துதான், அதுக்கு மேல ஏறி நின்னு முறுக்குறவன்கிட்ட வண்டியக் குடுக்காதீங்க, அதுவும் அலுமினியம் ஹெட் வண்டின்னா மரை கையோட வந்துரும்.

சரியான நாலு பிளக் போட்ட அன்னைக்கே வண்டி பழையபடி ஆயிருச்சு, வேற எதையும் தொடல. அந்த ஒர்க்‌ஷாப்ல போய் அவங்க போட்டதையும் சரியானதையும் மேஜை மேல வச்சுக் கேட்டோம், "சப்ளையர் குடுத்தது சார், நாங்க என்ன பண்றது"ன்னாங்க, பிளக் காச மட்டும் அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கறோம்னாங்க, கார்புரேட்டர் காசப் பத்தி வாயே திறக்கல. அப்பா வேண்டாம்னு வந்துட்டாரு. நான் விடுறதா இல்ல, பில்லும் அந்த நாலு பிளக்கும் பத்திரமா இருக்கு, நுகர்வோர் கோர்ட்டுல போடுறதுக்கு ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கேன். மதுரை பக்கம் யாருக்காவது "இம்போர்ட்டட் இரிடியம்"னு இதே மாதிரி பில் போட்டிருந்தா, தயவுசெஞ்சு அந்த பில்லத் தூக்கிப் போடாம வச்சிருங்க, ஒரு பிளக்க கழட்டி நீளத்த ஸ்கேல் வச்சுப் பாருங்க.