பிழையே இல்லை என்று எழுதிய தராசு சான்றிதழை நம்பி ஏமாந்தேன்

திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய அரிசி மூட்டை போட்டு விற்கிறேன். பெரும்பாலும் 25 கிலோ. போன தை மாதம் சேலத்து வாடிக்கையாளர் காலிபரேஷன் சான்றிதழ், அதாவது தராசு காட்டும் எடையை எடைக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்ததற்கான சான்று, கேட்டார். 100 கிலோ எலக்ட்ரானிக் தராசுக்காக ஒருவரை வரவழைத்தேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு 20 கிலோ எடைக்கல், ஒரு 5 கிலோ கல், அவ்வளவுதான். 20 கிலோவைத் தட்டின் நடுவில் ஒரே ஒருமுறை வைத்தார். ஈய சீலை வெட்டி உள்ளே ஏதோ அழுத்தினார். ஸ்டிக்கர் ஒட்டினார், 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வாட்ஸ்அப்பில் சான்றிதழ் வந்தது. 5, 10, 20, 50, 100 கிலோ, எல்லாவற்றுக்கும் பிழை 0.000.

பத்து நாளில் சேலத்திலிருந்து போன். மூட்டைக்கு 140 கிராம் குறைகிறது என்றார். 80 மூட்டை போயிருந்தது. சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா வந்து, 20 கிலோ கல்லை நடுவில் வைத்தார்: 20.00. நான்கு மூலையிலும் நகர்த்தினார். தையல் மெஷின் பக்கத்து மூலையில் 20.11! மூட்டை தைக்க வசதியாக இருக்குமென்று நாங்கள் எப்போதும் அந்த மூலையில்தான் வைப்போம். மூட்டையைத் தொப்பென்று போட்டுப் போட்டு, தட்டுக்கு அடியில் எடையை உணரும் லோடு செல் அடிவாங்கியிருந்தது. மூலைகளில் கல் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். குறைந்த 11 கிலோ 200 கிராம் அரிசியை அனுப்பிவிட்டேன், போன நம்பிக்கையை எப்படி அனுப்புவது?

சித்தப்பா காட்டிய இன்னொன்றுதான் முக்கியம். என் தராசு 10 கிராம் 10 கிராமாகத்தான் தாவும். அது 25.00 காட்டினால் உண்மை எடை 24.995லிருந்து 25.005க்குள் எங்கும் இருக்கலாம். எடைக்கல்லின் சொந்தப் பிழை, திரும்ப வைக்கும்போது வரும் வித்தியாசம், ஃபேன் காற்று எல்லாம் இதோடு சேரும். இந்த மொத்தத் தடுமாற்றத்தைத்தான் அளவீட்டு நிச்சயமின்மை என்கிறார்கள். ஒழுங்கான சான்றிதழில் அது ± போட்டு, பெரும்பாலும் k=2 என்ற குறிப்போடு, அதாவது சுமார் 95 சதவீத நம்பகத்தோடு இருக்கும். என்னுடையதில் அந்தக் கட்டமே இல்லை.

இன்னொரு சிக்கலும் வந்தது. காலிபரேஷன் வேறு, வியாபாரத் தராசுக்குத் தொழிலாளர் துறை போடும் முத்திரை வேறு. அந்த முத்திரையுள்ள ஈய சீலை வெட்டினால் மறுமுத்திரை போட்டாக வேண்டும். அவர் அதைச் சொல்லவே இல்லை. லோடு செல்லை மாற்றி, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் மூலம் மறுபடி முத்திரை வாங்கும் வரை தராசைத் தொடவில்லை.

அந்த ஆள் இப்போது மன்னார்குடி பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. இரண்டு கல்லோடு வந்து 100 கிலோ வரை எழுதித் தருகிறேன் என்றால், சீலில் கை வைப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.