காவலர் வேலையா, ஊர்க்காவல் படையா? நெல்லைப் பிள்ளைகளுக்காக ஓர் அலசல்

சேரன்மகாதேவியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் கேட்டான்: “மாமா, முதல்ல ஊர்க்காவல் படைல சேந்துட்டா, அப்புறம் அப்படியே போலீஸ் ஆயிரலாம்லா?”

அவனுக்கு வயது 23. டிகிரி முடித்துவிட்டு, விடிவதற்கு முன்னால் கன்னடியன் கால்வாய்க்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். நான் 12 வருடம் ஊர்க்காவல் படையில் இருந்தவன். அந்தச் சட்டையை இன்றும் மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனாலும் “அப்படியே ஆக முடியாதுடா” என்றுதான் அவனிடம் சொன்னேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த இரண்டையும் ஒரே ஏணியின் இரண்டு படி என்று நினைக்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு ஏணி.

முதலில் காவலர் வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 1991-இல் தொடங்கியது. சிறைக் காவலர், தீயணைப்பாளர் பதவிகளுக்கும் அதே தேர்வுதான். படிப்பு பத்தாம் வகுப்பு போதும். வயது 18-இலிருந்து 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வரையும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 31 வரையும் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது 70 மதிப்பெண் தாள், பொது அறிவும் உளவியலும். மைதானத்தில் கயிறு ஏறுவது போன்ற உடல்திறன் தேர்வுக்கு 24. என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. தமிழ்த் தாளைச் சேர்க்காமல், ஆக 100.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள்ளும் ஓட வேண்டும். ஓட்டத்தைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். உயரம் அப்படியில்லை. பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159. பட்டியல் வகுப்பு, பழங்குடி ஆண்களுக்கு 167, பெண்களுக்கு 157. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அளக்கும் இடத்தில் அழுதுகொண்டு வந்த பையனை எனக்குத் தெரியும். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று அளந்துகொள்ளுங்கள்.

இனி ஊர்க்காவல் படை. 1946 டிசம்பரில், கலவரச் சூழலில் மும்பையில் முதலில் உருவானது. 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1963-இல் வந்தது. இது சம்பள வேலை இல்லை, தொண்டு. பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருப்பவர், கூப்பிடும்போது சீருடை போட்டு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மாவட்டக் காவல்துறை வழியாக ஆள் எடுப்பார்கள். முன்னாள் நடத்தையை விசாரித்து, கவாத்துப் பயிற்சி கொடுத்துப் பணிக்கு அனுப்புவார்கள்.

ஆனிப் பெருந்திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது வடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கைகோத்து நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தான் என்று எனக்குத் தோன்றும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவில், குலசேகரப்பட்டினம் தசரா, தேர்தல் நாள் வாக்குச்சாவடி, இரவு ரோந்து எல்லாம் பார்த்தாயிற்று. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ஜங்ஷன் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த இரவுக்காகவே அந்தச் சட்டையைப் போட்டதில் எனக்கு நிறைவு.

பணத்தில் இரண்டும் எங்கே நிற்கின்றன? காவலருக்கு அடிப்படைச் சம்பளமே 18,200 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு அகவிலைப்படி, மற்ற படிகள், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேரும். ஊர்க்காவல் படையினரை நிரந்தரப் பணியாளராகக் கருத முடியாது, ஆனால் காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையாமல் நாள்படி கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. தமிழ்நாட்டில் அப்புறம் நாள்படி 560 ரூபாயாக உயர்ந்தது. உயர்ந்த கையோடு பணி நாள்களை மாதத்துக்கு 5 என்று சுருக்கினார்கள். கணக்குப் போட்டால் 2,800 ரூபாய். நாளுக்கு உயர்வு, மாதத்துக்கு ஒன்றுமில்லை. இது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்தப் படியும் மாதங்கள் தள்ளி வந்ததுண்டு. நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் திருவிழா நாளில் லீவு கேட்டு, சம்பளம் பிடித்தம் ஆனதும் உண்டு. குடும்பத்தை இந்தப் படியில் ஓட்டிவிடலாம் என்று யாரும் நம்பி வரக்கூடாது.

அதிகாரத்தில் வித்தியாசம் குறைவு. பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் ஊர்க்காவல் படையினருக்குக் காவலருக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் சட்டப்படி உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போலீஸுக்கு உதவப் பொதுமக்களைச் சேர்த்த ‘காவலர் நண்பர்கள்’ (ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்) குழு 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. ஆனால் அதில் இருந்தவர்களுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு, அந்தக் குழுவின் பங்கு பற்றிக் கேள்வி எழுந்து, ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. சாத்தான்குளம் நமக்கு அடுத்த ஊர் மாதிரி. 1986 வரை நம் மாவட்டம்தான். ஸ்டேஷனுக்குள் போய் நிற்கும் எவருக்கும் தன் அதிகாரம் எது, எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது எழுத்தில் இல்லாத எந்தத் தொண்டுக்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

தொண்டிலிருந்து வேலைக்கு ஏறும் படி ஒன்று இடையில் உண்மையாகவே இருந்தது. 2013-இல் சிறப்புக் காவல் இளைஞர் படை என்று ஆள் எடுத்தார்கள். மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியம், பிறகு சிறப்புத் தேர்வு எழுதிக் காவலராகலாம். அப்படி உள்ளே போனவர்களின் கதையைக் கேட்டுத்தான் ஊர்க்காவல் படையும் அதே மாதிரி என்ற எண்ணம் ஊரில் பரவியது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஏணி என்று சொன்னால் அது காவலர் வேலையில்தான் இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் நேரடித் தேர்வில் 20 சதவீத இடம் துறையில் இருப்பவர்களுக்கு ஒதுக்கீடு. டிகிரி முடித்த என் மருமகன் காவலராகி, வேலை பார்த்துக்கொண்டே அதை எழுதலாம்.

இன்னொரு விஷயம், நம் சீமையில் இதுதான் பெரிய விஷயம். கோவில் கொடையில் தள்ளுமுள்ளு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஊர்ப் பையன்கள் மோதல், வாட்ஸ்அப்பில் சாதிப் பெருமை என்று ஒரு ஸ்டேட்டஸ். எஃப்ஐஆரில் பெயர் வந்துவிட்டால் போதும். வழக்கில் விடுதலை ஆனாலும், ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று தீர்ப்பில் எழுதியிருந்தால், காவலர் பணி விதிகளின்படி அவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றமும் அந்த விதியை உறுதி செய்திருக்கிறது. கயிறு ஏறி, தேர்வு எழுதி, பெயர் பட்டியலில் வந்த பிறகு இந்த ஒரு வரியால் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஊரில் பெரியவர்கள் யாராவது சண்டைக்குக் கூப்பிட்டால், “சித்தப்பா, எனக்குப் பரீட்சை இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஊர்க்காவல் படைக்கும் விசாரணை உண்டு, ஆனால் அங்கே இழப்பது ஒரு வாய்ப்பு. இங்கே வாழ்க்கை.

அதனால் என் கருத்து இதுதான். வயது வரம்புக்குள் இருக்கிற, உயரம் சரியாக இருக்கிற பிள்ளை ஊர்க்காவல் படையில் சேர்ந்து காலத்தைக் கழிக்க வேண்டாம். காவலர் தேர்வு அறிவிப்பு எல்லா வருடமும் வருவதில்லை. 23 வயதுப் பையனுக்கு மிஞ்சிப்போனால் மூன்று நான்கு முறைதான் கிடைக்கும். இரவெல்லாம் பந்தோபஸ்தில் நின்றுவிட்டு காலையில் 1500 மீட்டர் ஓட உடம்பு வராது. வயது தாண்டியவர்கள், கடையோ விவசாயமோ வைத்திருப்பவர்கள், கல்யாணமாகி ஊரிலேயே இருக்கிற பெண்கள், ஒரு சென்டிமீட்டரில் தவறியவர்கள் ஊர்க்காவல் படைக்கு வாருங்கள். உங்கள் ஊரைத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும்.

மருமகனைச் சுவரில் நிறுத்தி அளந்தேன். 171. வீட்டு முன்னால் வேப்பமரத்தில் கயிறு கட்டியிருக்கிறோம். 5 மீட்டர் ஏறிவிடுகிறான், உடல்திறன் தேர்வுக் கணக்கில் அது ஒரு ஸ்டார். 6 மீட்டர் இன்னும் வரவில்லை.