தி உட்டன் ஹார்ஸ்: குதிரைக்குள் ஒளிந்த பொறுமை

போர்க்கைதிகள் தப்பிச் செல்லும் கதையைச் சண்டையையோ துரத்தலையோ நம்பாமல், மண்வெட்டும் வேலையை மட்டுமே நம்பிச் சொல்ல முடியும் என்று காட்டிய படம், ஜாக் லீ இயக்கி 1950இல் வெளிவந்த ‘தி உட்டன் ஹார்ஸ்’. இந்தக் கறுப்பு வெள்ளைப் பிரிட்டிஷ் படத்தின் முதற்பாதிக்கு ஈடாக இவ்வகைப் படங்களில் வேறொன்றை என்னால் சொல்ல இயலவில்லை.

கதை உண்மையில் நடந்தது. இன்று போலந்தில் உள்ள சாகன் நகரருகே ஜெர்மானியர் நடத்திய ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து 1943 அக்டோபரில் தப்பிய மூவருள் ஒருவரான எரிக் வில்லியம்ஸ் எழுதிய நூலே படத்துக்கு மூலம். கைதிகளின் குடில்கள் முள்வேலியிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்ததால், அங்கிருந்து தோண்டினால் சுரங்கம் மிக நீளமாகிவிடும். தோண்டியெடுக்கும் மஞ்சள் மணலோ மேற்பரப்பின் சாம்பல் நிற மண்ணில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆகவே தாண்டிக் குதித்துப் பயிற்சி செய்வதற்கான மரக்குதிரை ஒன்றைச் செய்து, அதற்குள் ஆளை ஒளித்துவைத்து, காவலர்களின் கண்ணெதிரிலேயே வேலியருகே தூக்கிச் செல்கிறார்கள்.

மேலே நண்பர்கள் ஓடிவந்து தாண்டுகிறார்கள். கீழே ஒருவர் மூச்சுமுட்டத் தோண்டுகிறார். மாலையில் ஆளோடு மணல் மூட்டைகளின் பாரமும் சேர்ந்துகொள்ள, குதிரையைச் சுமப்பவர்கள் அந்தக் கனத்தை முகத்தில் காட்டாமல் நடந்தாக வேண்டும். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் என் தோள்களும் இறுகிவிடுகின்றன. லியோ கென், ஆன்டனி ஸ்டீல் இருவரும் வீரவசனம் எதுவும் பேசாமல், களைத்துப்போன மனிதர்களாகவே நடித்திருப்பது படத்தின் பெரும்பலம்.

வேலியைத் தாண்டிய பிறகு படம் தொய்வடைகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ரயில், துறைமுகம், கப்பல் என்று இடங்கள் மாறிக்கொண்டே இருக்க, யாரை நம்புவது என்ற அச்சம் மட்டுமே கதையைத் தாங்குகிறது. டேவிட் டாம்லின்சன் ஏற்ற பாத்திரம் தனிவழியே பிரிந்து செல்ல, அவருடைய பயணத்தைப் படம் பின்தொடராததும் எனக்குக் குறையாகவே தோன்றியது. உண்மையில் மூவருமே ஸ்வீடன் சேர்ந்தார்கள். அதே முகாமின் வேறொரு பகுதியிலிருந்து 1944 மார்ச்சில் வெளியேறிய 76 பேரில் 50 பேர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதை அறிந்துகொண்டு பார்ப்பவருக்கு, இந்தப் பிற்பாதியின் ஒவ்வொரு சோதனைச்சாவடியும் இயக்குநர் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே கனக்கும்.