சீனமா, ஸ்பானிஷா, மாண்டிசோரியா: வாஷிங்டனில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு சார்ட்டர் பள்ளி

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட எக்செல் ஷீட் போட்ட ஆள் நான். சிரிக்காதீர்கள், வாஷிங்டன் டிசி நகருக்குள் குடியிருக்கும் பெற்றோர் பலருடைய லேப்டாப்பில் டிசம்பர் மாதம் அப்படி ஒன்று இருக்கும். நம்மவர்களில் நிறையப் பேர் பிள்ளைக்கு நாலு வயது ஆவதற்குள் வர்ஜீனியாவுக்கோ மேரிலாந்துக்கோ வீடு மாறிவிடுகிறார்கள், "அங்கதான் ஸ்கூல் நல்லா இருக்கும்" என்று. நாங்கள் மாறவில்லை. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, பணம்தான் காரணம். இங்கே முழுநேர டேகேருக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் போகிறது. நகரத்துப் பொதுப் பள்ளிகளிலோ மூன்று வயதிலிருந்தே முழுநாள் வகுப்பு இலவசம். செப்டம்பர் 30க்குள் மூன்று வயது முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் அரசு உதவி பெறும் பள்ளியைச் சொல்வேன். பணம் அரசுடையது, நிர்வாகம் வேறு ஆளுடையது. ஆனால் இங்கே ஆசிரியரை எடுப்பது, பாடத்திட்டம், எந்த மொழியில் சொல்லித்தருவது எல்லாமே அந்தந்தப் பள்ளியின் இஷ்டம். கட்டணம் வாங்கக் கூடாது, பிள்ளைக்குத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது, இடத்தைவிட ஆள் அதிகம் வந்தால் குலுக்கல். இந்த நகரத்தில் பொதுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சார்ட்டரில்தான் படிக்கிறார்கள்.

குலுக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பட்டியலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மைஸ்கூல் டிசி என்ற ஒரே தளத்தில் மாநகராட்சிப் பள்ளி, சார்ட்டர் பள்ளி எல்லாம் சேர்த்து 12 வரை வரிசைப்படுத்தலாம். டிசம்பர் நடுவில் திறக்கும், மூன்று வயது வகுப்புக்கு மார்ச் தொடக்கத்தில் மூடும். முதல் நாளே போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒன்றுதான். "கிடைக்கிற பள்ளியை முதலில் போடு, இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்" என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சுத்தத் தப்பு. பொருளாதார நோபல் வாங்கிய ஆல்வின் ராத் வழி வந்த பொருத்தும் முறை இது. உண்மையிலேயே எது பிடிக்கிறதோ அதை மேலே போட்டால் நஷ்டமே வராது. கிடைக்காத பள்ளியை முதலில் போட்டதால் இரண்டாவதில் உங்கள் வாய்ப்பு குறையாது. ஏதோ ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருப்பவை உதிர்ந்துவிடும், மேலே இருப்பவற்றில் காத்திருப்புப் பட்டியலில் நிற்பீர்கள். அவ்வளவுதான்.

சரி, பள்ளிகளுக்கு வருவோம். நாங்கள் பெட்வொர்த் பக்கம் இருக்கிறோம், கார் இல்லை. எங்களுக்குக் கண்ணில் பட்டவை மூன்று வகை: சீனம், ஸ்பானிஷ், மாண்டிசோரி. நான்காவதாக ஒழுங்கு பார்க்கிற பள்ளிகள், அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

சீனம் என்றால் வாஷிங்டன் யூ யிங். 2008இல் தொடங்கியது, டெய்லர் தெருவில் இருக்கிறது, ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம், மாண்டரின் எனும் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம். ஊரிலிருந்து அம்மா போனில், "ஏண்டி, பிள்ளைக்கு அ, ஆ இன்னும் வரலை, அதுக்குள்ள சீனமா?" என்றாள். கேள்வி நியாயம்தான். ஆனால் மாண்டரினை வேறு எப்போது கற்றுக்கொள்வது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் பெரியவர் ஒருவர் ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், மாண்டரின் கற்க 2,200 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. (நம் தமிழுக்கு 1,100. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.) அதாவது ஸ்பானிஷைக் கல்லூரிக்குப் போன பிறகும் பிடித்துவிடலாம், சீனத்துக்கு மூன்று வயதில் கிடைக்கும் வாய்ப்பு திரும்ப வராது. இதே கணக்கை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் யூ யிங்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நான் நிற்கவில்லை. காரணம் சைனாடவுன். ஏழாவது தெருவும் எச் தெருவும் சேரும் இடத்தில் 1986இல் கட்டிய பெரிய வளைவு இருக்கிறது, கடைப் பலகையில் எல்லாம் சீன எழுத்து இருக்கிறது, ஆனால் சீனம் பேசும் ஆளைத் தேட வேண்டும். பழைய குடும்பங்கள் எப்போதோ புறநகருக்குப் போய்விட்டன. பிள்ளைக்கு அந்த மொழி பள்ளி வாசலோடு நின்றுவிடும். ஸ்பானிஷ் அப்படி இல்லை. கொலம்பியா ஹைட்ஸில், மவுண்ட் பிளஸன்டில் பஸ்ஸில் ஏறினால் ஸ்பானிஷ், காய்கறிக் கடையில் ஸ்பானிஷ், பூங்காவில் ஊஞ்சலுக்கு அடுத்த ஊஞ்சலில் ஸ்பானிஷ். எல் சால்வடோர் குடும்பங்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் பள்ளிகளில் அதை வீட்டில் பேசும் பிள்ளைகளும் கூட உட்காருவார்கள். டீச்சர் சொல்லித்தருவதைவிட மணலில் வாளிக்குச் சண்டை போடும்போது மொழி வேகமாக வரும் என்பது, நான்கு மாதம் பெங்களூரில் இருந்து கன்னடம் கற்ற என் சொந்த அனுபவம்.

ஸ்பானிஷில் இங்கே தேர்வு அதிகம். 2004இல் தொடங்கிய டிசி பைலிங்குவல் ரிக்ஸ் சாலையில், ஃபோர்ட் டாட்டன் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். பெட்வொர்த்திலிருந்து பச்சை வழியில் அடுத்த நிறுத்தம். 2011இல் வந்த முண்டோ வெர்டே சுற்றுச்சூழல், தோட்டம், ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் தோண்டித் துருவும் முறை என்று வேறு பாதை. எல்ஸி விட்லோ ஸ்டோக்ஸில் ஸ்பானிஷோ பிரெஞ்சோ எடுக்கலாம். இவற்றுக்கும் யூ யிங்குக்கும் ஒரு பொதுவான வசதி இருக்கிறது, அதுதான் என் ஷீட்டில் அதிக மதிப்பெண் வாங்கிய வரிசை: டிசிஐ. டிசி பைலிங்குவல், லாம்ப் (இதைக் கடைசியில் சொல்கிறேன்), முண்டோ வெர்டே, ஸ்டோக்ஸ், யூ யிங் ஆகிய ஐந்தும் சேர்ந்து 2014இல் தொடங்கிய நடுநிலை, மேல்நிலைப் பள்ளி. பழைய வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது, 6 முதல் 12 வரை. இந்த ஐந்தில் படித்த பிள்ளைக்கு அங்கே முன்னுரிமை. மற்றப் பிள்ளைகள் பத்து, பதினொரு வயதில் மறுபடி குலுக்கலில் நிற்க வேண்டும், அப்போது வாஷிங்டன் லாட்டின், பேசிஸ் மாதிரிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குவதால் வகுப்பில் பாதிப் பேர் காணாமல்போவார்கள். மூன்று வயதில் ஆறாம் வகுப்பைப் பற்றி யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். இந்த நகரத்தில் இல்லை.

அப்புறம் மாண்டிசோரி. இதற்கு எனக்கு ஒரு பாசம் உண்டு, மறைக்கவில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி கொடுக்க வந்து, போர் வந்துவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில காலம். அதனால் இது என்னவோ வெள்ளைக்காரர் ஃபேஷன் என்று சொல்பவர்களிடம் சண்டைக்குப் போவேன். ப்ரூக்லாண்டில் லீ மாண்டிசோரிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயது எல்லாம் ஒரே அறையில், ஒருத்தி தண்ணீரை ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், பத்து நிமிடம் யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. மூன்று வருடம் ஒரே அறை, பெரும்பாலும் ஒரே டீச்சர். அந்தத் தொடர்ச்சி பெரிய விஷயம். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை வேறொரு சார்ட்டரில், பெயர் வேண்டாம், முதல் வருடமே மூன்று டீச்சரைப் பார்த்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு காலையில் ஷூ போடவே அழுமாம். அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் போன வருடத்து டீச்சர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மாண்டிசோரியில் ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். டீச்சருக்கு முறையான மாண்டிசோரிப் பயிற்சி உண்டா, பிள்ளை தானே ஒரு வேலையை எடுத்துச் செய்ய காலையில் மூன்று மணி நேரம் இடைவெளி இல்லாமல் கிடைக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். இன்னொன்று, லீ அந்த டிசிஐ ஐந்தில் இல்லை.

ஒழுங்கு பார்க்கிற பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. கிப் டிசி 2001இலிருந்து இருக்கிறது, மூன்று வயதிலிருந்து 12ஆம் வகுப்பு வரை ஒரே அமைப்புக்குள் போகலாம், சீருடை உண்டு. நம்மூர் மெட்ரிக் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வகை பழகின வாசனையாக இருக்கும், பாதிப் பேருக்கு அதுவே பிடிக்கும், பாதிப் பேர் ஓடுவார்கள். நான் ஓடுகிற கட்சி. ஆனாலும் "கடினமாக உழை, நல்லபடி நடந்துகொள்" என்ற பழைய முழக்கத்தை கிப் அமைப்பே 2020இல் கைவிட்டது, ஆகவே பத்து வருடத்துக்கு முந்தைய கதைகளை வைத்து முடிவு செய்யாமல் நேரில் பாருங்கள். ஆப்பிள்ட்ரீ என்று மூன்று, நான்கு வயதுக்கு மட்டுமான சார்ட்டரும் உண்டு. அந்த வயதுக்கு என்றே நடத்துகிறார்கள், ஆனால் கிண்டர்கார்டனுக்கு மறுபடி குலுக்கல்.

மதிப்பெண் பட்டியல்? மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளின் கணக்கு மார்க்கை வைத்து மூன்று வயது வகுப்பை எடைபோடுவது சாம்பாரைப் பார்த்து பாயசம் எப்படி என்று சொல்வது மாதிரி. சின்ன வகுப்புகளுக்கு கிளாஸ் என்ற தனி அளவுகோல் இருக்கிறது. ஆள் வந்து அறையில் உட்கார்ந்து, டீச்சர் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், வகுப்பு எப்படி நடக்கிறது, பிள்ளையை யோசிக்க வைக்கிறாரா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். மூன்றாவதில் புள்ளி நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கிடைப்பது கடினம்.

பணக் கணக்கையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. 2024 ஆகஸ்டில் ஈகிள் அகாடமி என்ற சார்ட்டர், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மூடப்பட்டது. சின்னப் பிள்ளைகளின் பள்ளி அது. கையில் காசு இல்லை, வேறொரு சார்ட்டர் அமைப்பிடம் ஒப்படைக்கும் திட்டத்தையும் சார்ட்டர் பள்ளிகளைக் கண்காணிக்கும் வாரியம் ஏற்கவில்லை. ஒவ்வொரு சார்ட்டரின் நிதி நிலையையும் அந்த வாரியம் வருடா வருடம் வெளியிடுகிறது, பத்து நிமிடம் செலவழித்துப் படித்துவிடுங்கள்.

எல்லாரும் கேட்கிற கேள்வி: இத்தனை மொழிக்கு நடுவில் தமிழ் போய்விடாதா? நான் பார்த்த வரையில் தமிழைத் தின்பது சீனமும் இல்லை, ஸ்பானிஷும் இல்லை, ஆங்கிலம்தான். ஆங்கிலப் பள்ளிக்குப் போகிற பிள்ளை ஆறு மாதத்தில் வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. இருமொழிப் பள்ளியில், ஒரு இடத்துக்கு ஒரு மொழி என்பது அதற்குச் சாதாரணமாகிவிடுகிறது, அதனால் வீட்டுக்கு ஒரு மொழி என்பதையும் எதிர்க்காது. எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீட்டில் இதைத்தான் பார்க்கிறேன். இரண்டு வீட்டை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது, தெரியும்.

கடைசியில் ஷீட்டில் ஜெயித்தது பயண நேரம். இங்கே சாதாரணப் பிள்ளைகளுக்கு மஞ்சள் ஸ்கூல் பஸ் கிடையாது. இலவச மெட்ரோ அட்டை ஐந்து வயதிலிருந்து. அதற்குக் கீழே பிள்ளை உங்களோடு சும்மா வரும், ஆனால் நீங்கள் கூடப் போக வேண்டும், திரும்ப வேண்டும், சாயங்காலம் மறுபடி போக வேண்டும், தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பிப்ரவரிக் குளிரில் நிற்க வேண்டும். யூ யிங்குக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். 14ஆம் தெருவில் இருக்கும் லாம்ப்புக்கு நடந்தே போகலாம். லாம்ப் ஸ்பானிஷும் மாண்டிசோரியும் ஒன்றாக நடக்கிற பள்ளி, 2003இலிருந்து. டிசிஐ ஐந்திலும் ஒன்று. அப்படியென்றால் எல்லாரும் அதைத்தானே கேட்பார்கள்? கேட்கிறார்கள். அண்ணன், அக்கா படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் உரிமை என்பதால் வெளியாளுக்கு மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். போன வருடங்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, காத்திருப்பில் எந்த எண் வரை அழைத்தார்கள் என்பதெல்லாம் மைஸ்கூல் டிசி தளத்திலேயே இருக்கிறது.

எங்கள் வரிசை இது: லாம்ப், டிசி பைலிங்குவல், யூ யிங், லீ, முண்டோ வெர்டே, ஸ்டோக்ஸ், ஏழாவதாக எங்கள் தெருவுக்குரிய மாநகராட்சிப் பள்ளி. அதில் கிண்டர்கார்டனிலிருந்து இடம் எங்கள் உரிமை, ஆனால் மூன்று வயதுக்கு அங்கேயும் குலுக்கல்தான். மீதி ஐந்து இடத்தைக் காலியாக விட்டோம், கிடைத்தாலும் போகமாட்டோம் என்று தெரிந்த பள்ளியை எதற்குப் போடுவது? வீட்டுக்காரருக்கு யூ யிங் மூன்றாவதாகப் போனதில் இன்னும் மனசு ஆறவில்லை. முடிவு வந்தபோது ஏழாவதில்தான் இடம் கிடைத்தது, மேலே ஆறிலும் காத்திருப்பு. கிடைத்த இடத்தைப் பதிந்துகொண்டோம், பதிந்தாலும் காத்திருப்பு எண் போகாது. அக்டோபர் தொடக்கத்தில் தலை எண்ணுகிறார்கள், அந்தக் கணக்கில்தான் பள்ளிக்குப் பணம் வரும், அதனால் அதுவரை காலியிடத்துக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். டிசி பைலிங்குவலில் எங்கள் எண் 19.